மஞ்சள் மூட்டையிலிருந்து அஞ்சறைப்பெட்டி வரை: சொந்தப் பெயரில் ஒரு பொருளைக் கொண்டுவரும் வழி

பவானியில் ஜமக்காளம், சென்னிமலையில் பெட்ஷீட், திருப்பூரில் பனியன், கரூரில் திரைச்சீலை, கோவையில் பம்பும் கிரைண்டரும், ஊத்துக்குளியில் வெண்ணெய், ஈரோட்டில் மஞ்சள். கொங்கு நாட்டுக்காரர்களுக்குப் பொருள் செய்யக் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் இதில் பெரும்பகுதி வேறு யாருடைய பெயரையோ சுமந்துகொண்டுதான் ஊரைத் தாண்டுகிறது. இங்கே தைத்த பனியனின் கழுத்தில் வெளிநாட்டு லேபிள். இங்கே விளைந்த மஞ்சள் ஏலத்தில் கைமாறிய பிறகு எந்தப் பாக்கெட்டுக்குள் போனது என்று விளைவித்தவருக்கே தெரியாது.

நான் ஈரோட்டில் சிறு தயாரிப்பாளர்களுக்கு லேபிளும் பாக்கெட்டும் வடிவமைத்துத் தருகிறேன். என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, “லோகோ போட எவ்வளவு ஆகும்?” என்பதுதான். லோகோ ஐந்தாவது ஆறாவது வேலை. அதற்கு முன்னால் செய்ய வேண்டியவற்றை வரிசையாக இங்கே எழுதுகிறேன். ஈரோட்டுக்குத் தெற்கே காளிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் மஞ்சள் போடும் ஒரு குடும்பத்துடன் சேர்ந்து செய்த வேலையை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். உங்கள் பொருள் துண்டாகவோ செக்கெண்ணெயாகவோ இருந்தாலும் வரிசை இதேதான்.

1. கடைசியாக யார் கை படுகிறதோ, அங்கே போய் உட்காருங்கள்

இந்த ஒரு படியில்தான் மொத்த வேலையின் உயிரும் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கோவை கிரைண்டரின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் வைத்ததோடு அது நின்றுவிடவில்லை. மாவை வழிக்கக் கனமான குழவியைத் தூக்க வேண்டியிருந்தது. அந்தச் சிரமம் தீர, சாய்த்து ஊற்றும் கிரைண்டர் வந்தது. வீடுகள் சிறியதாகி, அடுப்படியில் தரையில் இடம் இல்லாமல் போனபோது மேடைமேல் வைக்கும் டேபிள் டாப் வந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னாலும் மாவாட்டும் ஒருவரின் முதுகுவலியோ கைவலியோ இருக்கிறது. அதை யாரோ நேரில் பார்த்திருக்கிறார்கள். டிசைன் என்று நான் சொல்வது இதைத்தான்.

கோவை அருணாசலம் முருகானந்தமும் அப்படித்தான். குறைந்த விலை நாப்கின் செய்ய ஆரம்பித்தபோது, பயன்படுத்திப் பார்த்துச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. பெண்கள் பேசவே கூச்சப்பட்டார்கள். கால்பந்து பிளாடரில் ஆட்டு இரத்தத்தை நிரப்பித் தானே கட்டிக்கொண்டு நடந்து பார்த்தார். ஊரே ஒதுக்கியும் விடவில்லை. 2016இல் பத்மஸ்ரீ வாங்கியது எல்லோருக்கும் தெரியும். என்னை அசைத்தது அந்தப் பிளாடர்தான்.

சரி, மஞ்சளுக்கு வருவோம். நான் ஏழு வீட்டு அடுப்படிகளில் போய் உட்கார்ந்தேன். “எங்கள் மஞ்சள் எப்படி?” என்று கேட்கப் போகவில்லை. கேட்டால் எல்லோரும் “நல்லாத்தானுங்க இருக்குது” என்பார்கள். நம் ஊரில் முகத்துக்கு நேரே குறை சொல்ல மாட்டார்கள். அதனால் புதுப் பாக்கெட் ஒன்றைக் கொடுத்து, வழக்கம்போல் சமைக்கச் சொல்லிவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வீட்டில் அரிசிம்பருப்புச் சாதத்துக்குத் தாளிப்பு ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மா ஈரக்கையோடு பாக்கெட்டை எடுத்தார். கத்தரிக்கோல் கைக்கு எட்டவில்லை. பல்லால் கடித்து இழுத்தார். வாய் கோணலாகக் கிழிந்தது. அஞ்சறைப்பெட்டிக் கிண்ணத்தில் தட்டியபோது கொஞ்சம் பக்கத்துக் கிண்ணத்துச் சீரகத்தில் விழுந்தது, கொஞ்சம் மேடையில் சிந்தியது. கரித்துணியால் துடைத்தார். துணி மஞ்சளானது, மேடையும் மஞ்சளானது. கிண்ணத்தில் பாதிதான் பிடித்தது. மீதியைச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் திணித்தார். அவருடைய மாமியார் வாசற்படியில் இருந்து பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: “ஏங் கண்ணு, கொட்டுனதும் தூக்கித்தானே வீசறோம். இதுக்கு எதுக்கு இத்தனை பளபளப்பு?”

அந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் அந்த வீட்டுக்குப் போனது தகும். மஞ்சள்தூள் பாக்கெட்டின் ஆயுள் ஐந்து நிமிடம். அதன் பிறகு நம் பெயர் அந்த வீட்டில் எங்கேயும் இல்லை. நிறமும் மணமும் மட்டும்தான் இருக்கும். அடுத்த மாதம் மளிகை லிஸ்ட் எழுதும்போது “மஞ்சத்தூள் 100” என்றுதான் எழுதுவார்கள்.

ஏழு வீடுகளையும் பார்த்த பிறகு மூன்று முடிவுகள் தாமாகவே வந்தன. பாக்கெட்டின் ஒரு மூலையில் மட்டும் கிழிக்கும் வெட்டு; அதனால் வாய் குறுகலாக, மூக்கு மாதிரி வரும், சிந்தாது. அளவு 100 கிராம். சரியாக இரண்டு முறை கிண்ணம் நிரப்ப. மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது: பாக்கெட்டின் முதுகில் உரித்து எடுக்கும் ஒரு சின்ன வட்ட ஸ்டிக்கர். அதில் பெயர், அரைத்த மாதம், போன் நம்பர். அதை ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஒட்டிக்கொள்ளலாம். பாக்கெட் குப்பைக்குப் போனாலும் பெயர் அடுப்படியில் இருக்கும்.

நீங்களும் உங்கள் பொருளுக்கு இப்படி ஐந்து வீடாவது பாருங்கள். நோட்டில் அவர்கள் பேசியதை எழுதாதீர்கள், கை செய்ததை எழுதுங்கள்.

2. பொருளைத் திருத்துங்கள், அப்புறம் பாக்கெட்

பார்த்ததில் பொருளின் குறை ஏதாவது தெரிந்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். இந்தக் குடும்பத்துக்கு அது அரைப்பில் இருந்தது. விரல் போல நீண்ட விரலி மஞ்சளையும் உருண்டையான கிழங்கு மஞ்சளையும் கலந்து, மில்லில் ஒரே ஓட்டமாக, வேகமாக அரைத்து வந்தார்கள். அதிகம் சூடேறினால் மஞ்சளின் மணம் போகும், மணத்தைத் தரும் எண்ணெய் ஆவியாகிவிடும். விரலியை மட்டும் பிரித்து, இடைவெளி விட்டு அரைத்தபோது வித்தியாசம் மூக்குக்கே தெரிந்தது.

அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் ஒரு முறை சோதித்து வாங்கிவிடுங்கள்: குர்குமின் (மஞ்சளுக்கு நிறம் தரும் பொருள்) அளவு, ஈரப்பதம், ஈயம், செயற்கை நிறம். மஞ்சளுக்கு நிறம் ஏற்ற லெட் குரோமேட் கலக்கும் கொடுமை உலகின் பல இடங்களில் பிடிபட்டிருக்கிறது. அதில் இருப்பது ஈயம், குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். உங்கள் மஞ்சளில் அது இல்லை என்பதற்குக் கையில் தாள் இருக்கட்டும். யாராவது கேட்டால் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். நான் பார்த்த வரை, இதைவிட நல்ல விளம்பரம் கிடையாது.

3. எதற்காகச் செய்கிறீர்கள் என்று வீட்டுக்குள் பேசி முடியுங்கள்

சிலர் இதைத் தேவையில்லாத பேச்சு என்று நினைப்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பின்னால் வரும் பத்து முடிவுகளை இதுதான் எடுக்கும்.

முருகானந்தம் நாப்கின் செய்யும் தன் இயந்திரத்தைப் பெரிய நிறுவனத்துக்கு விற்காமல் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குக் கொடுத்தார். பெருந்துறைப் பக்கம் பி.சி. துரைசாமி 1975இல் மஞ்சள் வியாபாரத்தில் தொடங்கி வளர்த்த சக்தி மசாலாவில், மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை கொடுப்பது ஒரு வழக்கமாகவே இருக்கிறது. இரண்டிலும் நோக்கம் போஸ்டரில் இல்லை. யாருக்கு விற்பது, யாரை வேலைக்கு எடுப்பது என்ற முடிவுகளில் இருக்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கமும் நம் ஊரிலேயே இருக்கிறது. சாயக் கழிவால் நொய்யல் ஆறு கெட்டது, ஒரத்துப்பாளையம் அணையின் தண்ணீர் வயலுக்கு ஆகாமல் போனது, 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டது எல்லாம் நம் கண்முன்னே நடந்தவை. கழிவு எங்கே போகிறது என்ற கேள்வியைத் தள்ளிப்போட்டால் அது ஒருநாள் தொழிலையே நிறுத்தும். அதனால் ஒரு வரியில் எழுதுங்கள்: இந்தத் தொழிலால் யாருக்கு என்ன நன்மை, எதை மட்டும் செய்யவே மாட்டோம்.

அந்தக் குடும்பம் எழுதியது இதுதான்: “எங்கள் தோட்டத்திலும் பக்கத்து நான்கு தோட்டங்களிலும் விளைந்ததை மட்டும் அரைப்போம். மஞ்சள் தீர்ந்தால் அடுத்த வெட்டு வரை விற்பனை இல்லை.” பிறகு ஒரு கடைக்காரர் மொத்தமாகப் பெரிய ஆர்டர் கொடுக்க வந்தபோது, வெளியிலிருந்து வாங்கிக் கலக்கலாமா என்ற பேச்சே அந்த வீட்டில் எழவில்லை. தாள் சுவரில் ஒட்டியிருந்தது.

4. பெயர்

நம் பக்கம் பெயர் என்றாலே குலதெய்வம், இல்லாவிட்டால் தாத்தா. மரியாதையான விஷயம்தான். ஆனால் அதே பெயரில் பத்து மளிகைக்கடை, நான்கு பஸ், இரண்டு ஃபைனான்ஸ் ஏற்கெனவே இருக்கும். “சுத்த மஞ்சள்” போலப் பொருளின் குணத்தையே சொல்லும் பெயருக்கு டிரேட்மார்க் கிடைப்பது கடினம்.

நம் ஊரில் ஒவ்வொரு தோட்டத்துக்கும் காட்டுக்கும் ஒரு பெயர் உண்டே, அதைத் தேடிப் பாருங்கள். கிணத்துக்காடு, புளியமரத்துத் தோட்டம் என்று ஊர்வாயில் வழங்கும் பெயர்கள். இந்தக் குடும்பத்து நிலத்தை ஊரார் மேக்காடு என்பார்கள். அதையே பெயராக வைத்தோம். சொல்ல எளிது; விளைந்த இடத்தையும் காட்டுகிறது.

பெயரைச் சோதிக்க ஒரு வழி: தெரியாத ஒரு கடைக்குப் போன் செய்து, பெயரைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டாம் முறை கேட்டால் வேறு பெயர் யோசியுங்கள்.

டிரேட்மார்க் இணையதளத்தில் அதே பெயர் இருக்கிறதா என்று தேடுவது இலவசம். மசாலாப் பொருளுக்கு 30ஆம் வகுப்பு, பெட்ஷீட்டுக்கு 24, ஆடைக்கு 25, தரைவிரிப்புக்கு 27. தனிநபரும் சிறு நிறுவனமும் இணையத்தில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய் கட்டணம். பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். பதிவு கைக்கு வரும்வரை வட்டத்துக்குள் ஆர் போடக்கூடாது, டிஎம் மட்டும் போடலாம்.

“ஈரோடு மஞ்சள்” 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. ஈரோட்டில் விளைவிப்பதாலேயே அந்த முத்திரையை லேபிளில் போட்டுவிட முடியாது. அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பவானி ஜமக்காளத்துக்கும் இதே முறைதான்.

5. லேபிளில் என்ன எழுதுவது

“பாரம்பரியம், இயற்கை, தூய்மை, கைப்பக்குவம்.” இந்த நான்கு சொற்களையும் எடுத்துவிட்டு எழுதிப் பாருங்கள். கடையில் இருக்கும் எல்லாப் பாக்கெட்டிலும் இவை இருக்கின்றன. அதோடு, இயற்கை, தூய்மை, பாரம்பரியம் போன்ற சொற்களை எப்போது பயன்படுத்தலாம் என்று உணவுப் பாதுகாப்பு விதிகளே வரையறுத்திருக்கின்றன. ஆர்கானிக் என்று போட அதற்குரிய சான்று வேண்டும்.

அதற்குப் பதிலாக நடந்ததை எழுதுங்கள். நாங்கள் எழுதியது: “காளிங்கராயன் வாய்க்கால் தண்ணீரில் விளைந்தது. மாசியில் வெட்டி, வேகவைத்து, 15 நாள் வெயிலில் காயவைத்தது. விரலி மட்டும்.” அவ்வளவுதான். பவானி ஆற்றில் பிரிந்து, ஆவுடையார்பாறை அருகே நொய்யலில் சேரும் அந்த வாய்க்கால் 13ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்டது. அதைப் பற்றி ஒரு பக்கம் எழுத எனக்கு ஆசைதான். ஆனால் தாளிப்பு கருகிக்கொண்டிருக்கும்போது யாரும் படிக்க மாட்டார்கள். வாய்க்காலின் பெயர் ஒன்றே போதும். தெரிந்தவர்களுக்கு அது ஊரைக் கொண்டுவரும்.

கட்டாயம் இருக்க வேண்டியவை: பொருளின் பெயர், தயாரித்தவர் முகவரி, நிகர எடை, எல்லா வரிகளும் உட்பட எம்ஆர்பி, ஒரு கிராமுக்கு என்ன விலை என்பது, பேக் செய்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம், லாட் எண், சைவம் என்று காட்டும் பச்சைப் புள்ளி, 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண், புகார் சொல்லப் போன் நம்பரும் மெயிலும். எழுத்தின் குறைந்தபட்ச உயரத்துக்கும் விதி உண்டு. அச்சுக்குக் கொடுக்கும் முன் நடப்பு விதியை ஒருமுறை சரிபாருங்கள். விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன.

6. தோற்றம்

இப்போதுதான் லோகோ. இங்கே நான் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் வேறொருவருக்குக் கறுப்புப் பவுச் போட்டுக் கொடுத்தேன், தங்க நிற எழுத்து, முன்பக்கம் உள்ளே தெரியும் ஜன்னல். பார்க்க அழகாக இருந்தது. மேற்கு வெயில் அடிக்கும் ஒரு கடை ரேக்கில் இரண்டு மாதம் தொங்கியதில், ஜன்னலை ஒட்டிய தூள் மட்டும் வெளுத்துவிட்டது. குர்குமின் வெளிச்சத்தில் சிதையும் பொருள். வாடிக்கையாளர்கள் பழைய சரக்கு என்று நினைத்தார்கள், பாக்கெட்டுகள் திரும்பி வந்தன. அவருக்கு நஷ்டம். அந்தப் பணத்தை என் கூலியில் கழித்துக்கொடுத்தேன், ஆனாலும் மனது ஆறவில்லை. பொருளின் குணம் தெரியாமல் வரைந்தது என் பிழை.

அதனால் மேக்காடுக்கு ஜன்னல் இல்லை. வெளிச்சம் புகாத பவுச். நிறத்தைக் காட்ட, கடை மேசையில் வைக்க ஒரு சின்ன மூடிய கண்ணாடிக் குப்பி கொடுத்தோம். அதை மாதாமாதம் மாற்றுவது நம் பொறுப்பு.

எழுத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தமிழ் எழுத்துகளில் சுழி அதிகம். ‘ஞ’, ‘ண’, ‘ழ’ மூன்றும் சின்ன அளவில், அதுவும் கருமை நிறத்துக்குள் வெள்ளை எழுத்தாக வந்தால், மை அடைத்துக்கொள்ளும். ‘மஞ்சள்’ என்ற சொல்லிலேயே அந்த ஆபத்து இருக்கிறது. ஆங்கில எழுத்துக்கு இணையாகத் தமிழை வைக்காமல், அதைவிடக் கொஞ்சம் பெரிதாக, சுழிகள் திறந்த எழுத்துருவில் வையுங்கள். திரையில் பெரிதாக்கிப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். உண்மையான அளவில் பிரிண்ட் எடுத்து, ஒரு காலிப் பவுச்சில் ஒட்டி, கடை ரேக்கில் மற்ற பாக்கெட்டுகளுக்கு நடுவில் வைத்து, ஆறடி தள்ளி நின்று பாருங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரைக் கண்ணாடி போடாமல் படிக்கச் சொல்லுங்கள்.

முதல் தடவையே, சிலிண்டர் வைத்துப் பவுச்சிலேயே அச்சடிக்கும் கிராவூர் பிரிண்ட்டுக்குப் போகாதீர்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிலிண்டர் வெட்ட வேண்டும், அதோடு குறைந்தபட்ச ஆர்டரே பெரிதாக இருக்கும். வெற்றுப் பவுச் வாங்கி, ஸ்டிக்கர் ஒட்டி ஆரம்பியுங்கள். பிழை இருந்தால் ஸ்டிக்கரோடு போகும்.

7. விலை

விலையில் தடுமாறித்தான் நல்ல பொருள்கள் பல நின்றுபோகின்றன. கணக்கு விளங்க, விரலி கிலோ 150 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 100 கிராம் தூளுக்குக் கழிவு சேர்த்து மஞ்சள் 16, சுத்தம் செய்து அரைக்க 2, பவுச்சும் ஸ்டிக்கரும் 4, பேக்கிங் கூலி 2, வண்டி 1. ஆக 25 ரூபாய்.

பக்கத்துப் பாக்கெட் 35 என்று நீங்களும் 35 போட்டால், கடைக்காரருக்கு 20 சதவீதம் 7 ரூபாய். மீதி 28இல் 5 சதவீத ஜிஎஸ்டி போக, உங்கள் கைக்கு வருவது ஏறக்குறைய 26.70. நிற்பது 1.70. நான்கு பாக்கெட் திரும்பி வந்தால் பல பாக்கெட்டின் லாபம் போச்சு. 45 போட்டால் நிற்பது 9 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். அதில்தான் சாம்பிள், சோதனைக் கட்டணம், உங்கள் சம்பளம் எல்லாம். வீட்டு ஆட்கள் செய்யும் வேலைக்குக் கூலி போடாமல் கணக்கெழுதுவது நம் ஊர்ப் பழக்கம். பேக் செய்யும் மருமகளின் கூலியையும் எழுதுங்கள். அதை எழுதாத லாபம் லாபம் இல்லை.

45 ரூபாய் அதிகம் என்று சொல்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு விற்க வேண்டாம். அரை ஸ்பூன் போட்டால் போதும் என்று கண்டுகொள்ளும் வீடுகளைத் தேடுவதுதான் அடுத்த வேலை.

8. முதல் நூறு வீடுகள்

இன்ஸ்டாகிராமில் தொடங்காதீர்கள், தெரிந்தவர்களிடம் தொடங்குங்கள். நமக்குச் சொந்தபந்தம் குறைவா என்ன? கல்யாணத் தாம்பூலப் பையில் தேங்காயோடு 50 கிராம் மஞ்சள் வைப்பது நல்ல வழி. மங்கலப் பொருள் என்பதால் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை, ஒரே நாளில் முந்நூறு வீட்டுக்குப் போகும். மாரியம்மன் நோம்பிக் காலத்தில் மஞ்சள் நினைப்பு எல்லோருக்கும் இருக்கும். ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: இது சமையல் மஞ்சள், பூச்சு மஞ்சள் இல்லை.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் “இன்றே வாங்குங்கள்” என்று போடாமல், நடக்கும் வேலையைப் போடுங்கள். வெட்டு நடக்கும் நாள், வேகவைக்கும் கொப்பரையின் ஆவி, களத்தில் காயும் மஞ்சளைத் திருப்பிவிடும் கைகள். மேக்காட்டுக்காரர்கள் போட்டதில் அதிகம் பேர் பதில் அனுப்பியது, பாலீஷ் டிரம் சுற்றும் சத்தத்தோடு எடுத்த அரை நிமிட வீடியோவுக்கு. காய்ந்து கறுத்த விரலி உள்ளே போய், மஞ்சளாக வெளியே உருளும். அதைப் பார்த்திராதவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள்.

9. நாற்பதாம் நாள் திரும்பப் போங்கள்

அந்த ஏழு வீடுகளுக்கும் திரும்பப் போங்கள். “பிடித்ததா?” என்று கேட்காதீர்கள். அஞ்சறைப்பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பாட்டிலில் ஸ்டிக்கர் இருக்கிறதா, கிண்ணத்தில் இருப்பது நம் தூளா என்று பாருங்கள். நாங்கள் போனபோது ஐந்து வீட்டில் நம் தூள் இருந்தது, மூன்று வீட்டுப் பாட்டிலில் ஸ்டிக்கர் இருந்தது. ஒட்டாத வீட்டில் காரணம் கேட்டால், எண்ணெய்ப் பிசுக்கில் பசை பிடிக்கவில்லையாம். அடுத்த அச்சில் பசையை மாற்றினோம்.

ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டு வையுங்கள். நீங்கள் கேட்டுக்கொண்டதால் வாங்கியவர்கள் ஒரு பக்கம், தாமாகவே போன் செய்து இரண்டாம் முறை கேட்டவர்கள் மறுபக்கம். இரண்டாம் பத்தியில் நூறு பெயர் சேர்ந்த அன்றைக்குச் சிலிண்டர் வெட்ட ஆர்டர் கொடுங்கள். மேக்காட்டு நோட்டில் இந்தத் தை வரை எண்பத்திரண்டு பெயர்கள். அதில் ஒன்று, பளபளப்பு எதற்கு என்று கேட்ட அந்த மாமியாருடையது.